ஸ்லோவேனியா: ஒரே ஊரில் தங்கிப் பார்க்கிற நாடு அல்ல

கேள்வியின் சாரம் இது: ம்யூனிக்கிலிருந்து சொந்தக் காரில், செப்டம்பரில் பத்து நாள் பயணம். கூட வரும் பெற்றோர் அறுபதைத் தாண்டியவர்கள், சைவம். ஸ்லோவேனியா சின்ன நாடுதானே, தலைநகர் லுப்லியானாவில் ஒரு வீடு எடுத்துத் தங்கிக்கொண்டு தினம் ஒரு பக்கமாகப் போய்வந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாதா?

பார்க்க முடியும். ஆனால் பத்து நாளில் பாதி காருக்குள் போய்விடும். நாட்டின் பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர்தான். லுப்லியானாவிலிருந்து கோப்பெர் கடற்கரை சுமார் 105 கி.மீ., மரிபோர் சுமார் 130 கி.மீ., பிளெட் ஏரி 55 கி.மீ. இந்த மூன்றும் நெடுஞ்சாலையில் வருவதால் எண்கள் உண்மையைச் சொல்கின்றன. சிக்கல் மேற்கு மலைப்பகுதியில்தான். அங்கே க்ரான்ஸ்கா கோராவிலிருந்து போவெட்ஸ் வரை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு, நிற்காமல் ஓட்டினாலே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைநகரிலிருந்து காலையில் கிளம்பி சோச்சா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு இரவே திரும்புவது, பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள மட்டுமே உதவும்.

இன்னொரு காரணம் வானிலை. இவ்வளவு சிறிய நாட்டுக்குள் மேற்கே ஜூலியன் ஆல்ப்ஸில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. கிழக்குக் கோடியில் ப்ரெக்முர்யேயில் 800 மில்லிமீட்டர் அளவுதான். மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று முதலில் மோதுகிற மலை ஜூலியன் ஆல்ப்ஸ். மலையடிவாரத்திலேயே இரண்டு மூன்று இரவு தங்கினால், மேகம் விலகும் அரை நாளைப் பிடித்துக்கொள்ளலாம். தலைநகரில் இருந்தால் அந்த அரை நாள் கிடைத்ததே தெரியாது.

நீங்கள் ம்யூனிக்கிலிருந்து வருவதால் நாட்டின் வடமேற்கு மூலையில் நுழைந்து வடகிழக்கு மூலையில் வெளியேறுங்கள். போன வழியே திரும்ப வேண்டாம். போஹின் ஏரிப் பக்கம் மூன்று இரவு, சோச்சா பள்ளத்தாக்கின் கோபரிடில் இரண்டு, கார்ஸ்ட் என்ற குகை வட்டாரத்தில் அல்லது கடற்கரையில் இரண்டு, லுப்லியானாவில் ஒன்று, கிழக்கே ப்துய் நகரில் ஒன்று. வியாழக்கிழமை கிளம்புவது நல்லது. ஏன் என்பது போகப்போகத் தெரியும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஆஸ்திரியாவின் டவர்ன் சுரங்கத்திலும் அதற்கடுத்த கராவங்கன் சுரங்கத்திலும் கோடைச் சனிக்கிழமைகளில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். செப்டம்பர் முதல் பாதியிலும் இது முழுசாக ஓய்வதில்லை.

சாலைச் சுங்கம் பற்றி. வின்யெட் என்பது நெடுஞ்சாலையில் ஓட்டக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கும் அனுமதி. ஆஸ்திரிய வின்யெட் தனி, டவர்ன் பகுதிக்குக் கட்டணம் தனி, கிட்டத்தட்ட 8 கி.மீ. நீளமுள்ள கராவங்கன் சுரங்கத்துக்கும் தனி. அதற்கு மேல் ஸ்லோவேனிய இ-வின்யெட். அதற்குக் கண்ணாடியில் ஒட்டும் தாள் கிடையாது. வண்டி எண்ணோடு இணைந்த மின்பதிவு. டார்ஸ் என்கிற அரசு நெடுஞ்சாலை நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். தேடலில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்கள் கூடுதலாகக் கறப்பவை. பதியும்போது எழுத்து ஓவையும் எண் பூஜ்யத்தையும் மாற்றிப் போடுவது, வண்டியின் நாட்டை ஜெர்மனி என்று தேர்ந்தெடுக்க மறப்பது, இரண்டுமே வின்யெட் இல்லாததற்குச் சமம். அபராதம் 300 யூரோவிலிருந்து தொடங்குகிறது. அண்மை விலைப்படி காருக்கு வார வின்யெட் 16 யூரோ, மாதத்துக்கு 32. பத்து நாள் பயணத்துக்கு வார வின்யெட் ஒன்று போதாது, இரண்டு வாங்கினால் மாத விலை ஆகிவிடுகிறது. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஆஸ்திரியாவின் ஃபில்லாக் பக்கத்திலிருந்து வுர்ட்சன் கணவாய் ஏறி நேராக க்ரான்ஸ்கா கோராவில் இறங்கினால் கராவங்கன் கட்டணமும் இல்லை, ஸ்லோவேனிய நெடுஞ்சாலையும் குறுக்கிடாது. பிளெட், போஹின், சோச்சா எல்லாம் சாதாரணச் சாலைகளிலேயே முடிந்துவிடும். சோச்சா முடிந்து, இத்தாலி எல்லையோர ஊரான நோவா கோரிட்சாவிலிருந்து தெற்கே திரும்பும் நாளில் வார வின்யெட்டைத் தொடங்கினால் கடைசி நாள் வரை வரும். கணவாய்ச் சாலை 1,073 மீட்டர் உயரம்தான், ஆனால் ஆஸ்திரியப் பக்கத்தில் ஏற்றம் 18 சதவீதம் வரை போகும். நான்கு பேரும் பெட்டிகளும் நிறைந்த சின்ன எஞ்சின் கார் என்றால் 32 யூரோவைக் கட்டிவிட்டு சுரங்கத்தில் போவதே நிம்மதி.

முதல் தங்கல் போஹின் என்றேன், பிளெட் அல்ல. பிளெட் அழகுதான், ஏரி நடுவில் தீவு, தீவில் தேவாலயம், பாறை மேல் கோட்டை, சுற்றிவர 6 கி.மீ. சமதளப் பாதை. பெற்றோருக்கு அந்த நடை சுகமானது. ஆனால் அதற்கு அரை நாள் போதும். அறை வாடகையும் வண்டி நிறுத்தும் கட்டணமும் அங்கே நாட்டிலேயே உச்சத்தில். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் இறங்கிவிடும். படகோட்டி நின்றபடி துடுப்புப் போடும் ப்ளெட்னா படகு தீவில் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும். தேவாலயத்துக்கு 99 படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் கரையிலேயே இருந்து பார்ப்பது நஷ்டம் இல்லை. கிரெம்ஷ்னிட்டா என்ற கனச்சதுரக் கேக்கை, மேலே மொறுமொறு மடிப்பும் உள்ளே வனிலா கஸ்டர்டும் பாலாடையுமாக, ஏரிக்கரையில் எங்கும் கேட்கலாம், முட்டை சேர்ந்தது.

அருகிலுள்ள வின்ட்கர் பள்ளத்தாக்கில் 1.6 கி.மீ. மரப்பாலப் பாதை. நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். பாதை ஒருவழி என்பதைப் பலர் கவனிப்பதில்லை: பள்ளத்தாக்கு முடிந்ததும் வந்தவழி திரும்ப முடியாது, மலைச்சரிவில் ஏறிச் சுற்றித்தான் வண்டிக்கு வரவேண்டும். பெற்றோருக்கு இது அதிகம்.

போஹின் ஏரி 4 கி.மீ. நீளத்துக்குச் சற்று மேல், ஒரு கி.மீ. அகலம். கோட்டை இல்லை, தீவு இல்லை, ஆனால் மூன்று பக்கமும் மலைச்சுவர் செங்குத்தாக இறங்குகிறது. வோகல் கேபிள் கார் 1,535 மீட்டருக்கு ஏற்றிவிடும். வானம் தெளிந்தால் எதிரே ட்ரிக்லாவ், 2,864 மீட்டர், நாட்டுக் கொடியில் இருக்கும் அதே சிகரம். பெற்றோர் ஒரு படிகூட ஏறாமல் பார்க்கக்கூடிய ஆல்ப்ஸ் காட்சி இதுதான், ஆகவே மூன்று நாளில் மேகமில்லாத காலை எதுவோ அதை இதற்கு ஒதுக்குங்கள். சீட்டு வாங்குமுன் மேல் நிலையத்தின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். கீழே வெயில் அடிக்க மேலே வெள்ளைத் திரை மட்டும் தெரியும் நாட்கள் உண்டு. 78 மீட்டர் சவிட்சா அருவிக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நீங்கள் மட்டும் போய்வாருங்கள். ட்ரிக்லாவ் ஏறும் ஆசை இருந்தால் இந்தப் பயணத்தோடு சேர்க்க வேண்டாம். அது இரண்டு நாள் வேலை, இரும்புக் கயிறு பொருத்திய பாறைப் பகுதிக்கு ஹெல்மெட்டும் இடுப்புப்பட்டியும் கட்டாயம் தேவை.

சனிக்கிழமை மாலை போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சாவில் மளிகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த சட்டப்படி ஞாயிறும் விடுமுறையும் கடைகள் மூடியிருக்கும். பெட்ரோல் நிலையங்கள் போன்ற சில சிறு கடைகளுக்கே விலக்கு. ஞாயிறன்று நீங்கள் சோச்சா பக்கம் நகர்கிறீர்கள், சைவம் சமைத்துச் சாப்பிடுபவர்கள் என்றால் அன்றைக்கு இது பெரிய விஷயம்.

போஹினிலிருந்து சோச்சாவுக்கு இரண்டு வழி. ஒன்று, பிளெட் திரும்பி க்ரான்ஸ்கா கோரா போய் வர்ஷிச் கணவாய், 1,611 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 50. ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. ஏறும் பக்கம் 24, இறங்கும் பக்கம் 26. ஏறும் பக்க வளைவுகளில் தார் இல்லை, கல் பாவியிருக்கும். மழையில் வழுக்கும், மோட்டார் சைக்கிள்காரர்கள் அங்கே வேகத்தைக் குறைப்பார்கள், நீங்கள் பின்னால் இடைவெளி விடுங்கள். இந்தச் சாலையை முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவம் ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு போட்டது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் நூற்றுக்கணக்கானோர் புதைந்தார்கள். அவர்கள் நினைவாக எழுப்பிய மரத் தேவாலயம் ஏறும் வழியிலேயே இருக்கிறது. கணவாய் குளிர்காலத்தில் மூடப்படும், ஏப்ரல் கடைசி வரைகூடத் திறக்காமல் போகலாம். செப்டம்பரில் பிரச்சினை இல்லை.

இரண்டாவது வழி, வளைவில் வயிறு புரட்டுபவர்களுக்கானது: கார் ரயில். போஹின்ஸ்கா பிஸ்த்ரிட்சா நிலையத்தில் காரைத் திறந்த சரக்குத் தட்டில் ஏற்றி, கைப்பிரேக்கும் கியரும் போட்டுவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1906-இல் திறந்த 6,327 மீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்து, சுமார் முக்கால் மணியில் மோஸ்ட் நா சோச்சியில் இறக்கிவிடும். நாளைக்குச் சில வண்டிகள்தான். தண்டவாள வேலை நடக்கும்போது சேவையே நிறுத்தப்படும். எனவே கிளம்பும் வாரத்தில் ஸ்லோவேனிய ரயில்வேயின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான வண்டி, மேலே பெட்டி கட்டிய வண்டி என்றால் உயர வரம்பையும் கேட்டுவிடுங்கள். இரண்டில் எது என்றால், மழை நாளில் ரயில், வெயில் நாளில் வர்ஷிச்.

சோச்சா ஆற்றின் நிறத்தைப் படத்தில் பார்த்துவிட்டு வண்ணம் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நேரில் வாயடைத்துப் போவார்கள். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் நீர், வெள்ளைக் கூழாங்கல் படுகை, அதில் விழும் வெளிச்சம். பலத்த மழைக்கு மறுநாள் அதே ஆறு சாம்பல் நிறமாகக் கலங்கியும் ஓடும். லெபெனா திருப்பம் அருகே பெரிய பள்ளம் என்னும் இடத்தில் ஆறு 750 மீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய பாறை இடுக்கில் ஓடுகிறது, ஆழம் 15 மீட்டர் வரை. சாலையோரமே என்பதால் பெற்றோரும் பார்க்கலாம். ஈரப்பாறை விளிம்பில் படம் எடுக்க நிற்பதுதான் அங்கே விபத்து. மேல் சோச்சாவின் நீர் கோடையிலும் உறைய வைக்கும். குதிக்க நினைப்பவர்கள் முதலில் கால் நனைத்து ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும். ராஃப்டிங் போவெட்ஸிலிருந்து நடக்கிறது, பருவம் மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. கட்டணத்தில் ரப்பர் உடை, ஹெல்மெட், ஆற்று அனுமதி மூன்றும் அடக்கமா என்று கேளுங்கள்.

தங்க கோபரிட் என்றதற்குக் காரணம், அது சாகசக் கடைகள் நெருக்கும் போவெட்ஸைவிட அமைதியானது, தெற்கே போகவும் வசதி. இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் இந்த ஆற்றோரம் பன்னிரண்டு முறை மோதின. 1917 அக்டோபர் 24-இல் தொடங்கிய கடைசி மோதலில் இத்தாலியப் படை இங்கேதான் உடைந்தது. அருங்காட்சியகம் சிறியது, ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். ஊருக்கு மேலே இத்தாலிய வீரர்கள் 7,014 பேரின் எலும்புகள் வைத்த நினைவுக்கூடம், கார் போகும். கோஸ்யாக் அருவி 15 மீட்டர்தான். ஆனால் அது விழுவது கிட்டத்தட்ட மூடிய பாறை அறைக்குள். வெளிச்சம் மேலே ஒரு இடுக்கிலிருந்து வரும். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடை, கடைசிப் பகுதி பலகைப் பாலம்.

சாப்பாடு. சைவத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு நல்ல இடம்: போவெட்ஸ் பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கும் தயிர்ப் பாலாடைக்கட்டியும் சேர்ந்த தட்டு, கோபரிடில் அக்ரூட்டும் உலர்திராட்சையும் அடைத்த ஷ்ட்ரூக்ளி என்ற மாவுக் கொழுக்கட்டை. நாடு முழுக்க இறைச்சி இல்லாமல் கேட்க "ப்ரெஸ் மேசா" என்ற இரண்டு சொல் போதும் என்பார்கள், போதாது. இட்ரியா ஊரின் புகழ்பெற்ற ஷ்லிக்ரோஃபி உருளைக்கிழங்கு அடைத்தது என்று பட்டியலில் இருக்கும், அடைசலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மரபு. பக்வீட் என்ற தானியத்தில் கிண்டிய களியின் மேல் பன்றிக்கொழுப்பு வறுவல் தூவி வரும். யோத்தா என்கிற புளித்த முட்டைக்கோஸ் சூப்பில் புகையிட்ட இறைச்சி வெந்திருக்கும். ஆகவே "ப்ரெஸ் ஓட்ஸ்வீர்கோவ்", கொழுப்பு வறுவல் வேண்டாம், என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காளான் சூப், பாலாடைக்கட்டி ஷ்ட்ரூக்ளி, பீட்சா ஆகியவை எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். குடிநீர் உரிமையை 2016-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு.

சோச்சாவோடு இறங்கினால் நோவா கோரிட்சாவுக்கு முன்னால் சோல்கன் பாலம். 85 மீட்டர் வளைவு, உலகிலேயே கல்லால் கட்டிய மிகப்பெரிய ரயில் பால வளைவு. இங்கிருந்து மலை முடிந்து கார்ஸ்ட் தொடங்குகிறது. நீர் மேலே நிற்காமல் பாறைக்குள் இறங்கிவிடும் பூமி. மேலே வறண்ட கல்லும் செம்மண்ணும், கீழே குகைகள். இப்படிப்பட்ட நிலத்துக்கெல்லாம் உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் வைத்த பெயரே இந்த வட்டாரத்தின் பெயர்தான்.

ஷ்கோட்சியன், போஸ்டோய்னா என்ற இரண்டு குகைகளில் எது என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு ஷ்கோட்சியன்தான். 1986-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ரேகா ஆறு பாறைக்குள் புகுந்து அடியில் முழங்கிக்கொண்டு ஓட, 45 மீட்டர் உயரத்தில் பாலத்தின் மேல் நடக்கிறீர்கள். அலங்காரப் பாறைகள் குறைவு, பள்ளத்தின் பிரம்மாண்டம்தான் காட்சி. ஆனால் மொத்த நடை 3 கி.மீ., படிகள் 500-க்கு மேல், உள்ளே படம் எடுக்கத் தடை. உங்கள் பெற்றோருக்கு போஸ்டோய்னா: 5 கி.மீ. சுற்றில் 3.7 கி.மீ. திறந்த சிறு ரயிலிலேயே போகும் (1872-இலிருந்து தண்டவாளம் இருக்கிறது), நடக்கும் பகுதியிலும் படிகள் இல்லை. கண் தெரியாத வெளிர் உடல் நீர்வாழ் உயிரி, ஓல்ம், தொட்டியில் பார்க்கக் கிடைக்கும். நூறாண்டு வரை வாழக்கூடியது. உள்ளே எப்போதும் 10 டிகிரி. வெளியே 28 என்று மெல்லிய சட்டையோடு வந்து, ஓடும் ரயிலின் காற்றில் நடுங்குபவர்கள் தினமும் உண்டு, ஜாக்கெட் கையில் இருக்கட்டும். 9 கி.மீ.யில் ப்ரெட்யாமா கோட்டை, 123 மீட்டர் செங்குத்துப் பாறையின் குகை வாயில் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தாலே முக்கால் பங்கு பார்த்தாயிற்று.

கடற்கரை மொத்தம் 47 கி.மீ.கூட இல்லை. அதில் பிரான் மட்டுமே தங்கத் தகுந்தது. வெனிஸ் ஆண்ட ஊர், தெருப்பலகைகள் இத்தாலியத்திலும் இருக்கும். காரை உள்ளே விடமாட்டார்கள். ஃபோர்னாச்சே அடுக்கு நிறுத்தத்தில் விட்டு இலவசப் பேருந்தில் போகவேண்டும். ஆகவே இரண்டு இரவுக்கு வேண்டியதை மட்டும் சிறு பையில் எடுங்கள். மணல் கரை இல்லை, கான்கிரீட் திட்டிலிருந்து நீரில் இறங்கவேண்டும், கடல் முள்ளெலி குத்தாமல் இருக்க ரப்பர் செருப்பு போடுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது செச்சோவ்லியே உப்பளம். இங்கே பாத்தியின் அடியில் பெட்டோலா என்ற மெல்லிய படலத்தை வளர்க்கிறார்கள். பாசியும் ஜிப்சமும் கலந்த அது உப்பையும் சேற்றையும் பிரித்து நிற்கிறது. அதனால்தான் உப்பு கழுவாமலேயே வெள்ளையாக வருகிறது. அதனால்தான் பாத்தியில் யாரும் பூட்ஸ் போட்டு மிதிப்பதில்லை, மரவாரியால் மேலோட்டமாகவே கூட்டுகிறார்கள். மழை பெய்தால் அறுவடை அன்றைக்கு இல்லை. உப்பளத்தின் லேரா பகுதியில் நிழலே கிடையாது, காலையிலோ மாலையிலோ போங்கள்.

ஒரு எச்சரிக்கை: புர்யா என்னும் வறண்ட வடகிழக்குக் காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசும். அப்போது விபாவா பள்ளத்தாக்கு விரைவுச்சாலையில் உயரமான வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். குளிர்காலத்தில்தான் கடுமை, கூரைப்பெட்டி கட்டிய கார் என்றால் செப்டம்பரிலும் அறிவிப்பைப் பாருங்கள்.

வியாழன் கிளம்பச் சொன்னதன் பலன் இப்போது. எட்டாம் இரவு, அதாவது அடுத்த வியாழன், லுப்லியானாவில் வருகிறது. மறுநாள் வெள்ளி, மழை இல்லையென்றால் மார்ச் முதல் அக்டோபர் வரை மத்தியச் சந்தையில் திறந்தவெளிச் சமையல் நடக்கும் நாள். ஊர் மையத்தில் கார் இல்லை, நடந்தே முடித்துவிடலாம். மூன்று பாலமும் சந்தைத் தூண்வரிசையும் நூலகமும் யோஷெ ப்ளெச்னிக் என்ற ஒரே கட்டடக்கலைஞரின் கை. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கோட்டைக்கு இழுவை ரயில் உண்டு.

மதியத்துக்கு மேல் கிழக்கே ப்துய், ஒன்றரை மணி நேரம். பெரும்பாலோர் இந்தப் பாதியைத் தொடுவதே இல்லை, அதனால்தான் விலை குறைவு. ரோமர்கள் காலத்தில் பொயடோவியோ, கி.பி. 69-இல் பேரரசர் பதவிக்கு வெஸ்பாசியனை ஆதரிக்கப் படைகள் முடிவெடுத்த ஊர். கோட்டையில் ஆட்டுத்தோல் உடையும் மணிகளும் கொண்ட குரென்ட் முகமூடிகள் இருக்கின்றன. அவை திருவிழாவுக்காகத் தெருவில் இறங்குவது பிப்ரவரி வாக்கில். நேரம் இருந்தால் முரா ஆறு தாண்டி ப்ரெக்முர்யே: மலையே இல்லாத சமவெளி, 1919 வரை ஹங்கேரி. போகோயினாவில் ப்ளெச்னிக் கட்டிய தேவாலயத்தின் மரக்கூரையில் மண்தட்டுகள் பதித்திருப்பதை அண்ணாந்து பாருங்கள். அங்கே கிபானிட்சா என்ற அடுக்குப் பலகாரம் சாப்பிடாமல் வரக்கூடாது. கசகசா, பாலாடைக்கட்டி, அக்ரூட், ஆப்பிள் என்ற நான்கு பூரணமும் இரண்டு தடவை அடுக்கி எட்டு அடுக்கு. ஒரு துண்டை இருவர் பகிரலாம். பூசணி விதை எண்ணெய் வாங்கினால் புட்டியை நிமிர்த்தி வையுங்கள், துணியில் பட்ட பச்சைக் கறை லேசில் போகாது.

கடைசி நாள் மரிபோர் வழியாக ஆஸ்திரியாவின் க்ராட்ஸ், அங்கிருந்து ஆஸ்திரிய ஏ9 நெடுஞ்சாலை வழியாக ம்யூனிக். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, வழியில் இரண்டு சுங்கச் சுரங்கங்கள். பெற்றோரின் பாஸ்போர்ட்டும் விசாவும் காப்பீடும் மேலேயே இருக்கட்டும். எல்லைச் சோதனை நீக்கிய ஷெங்கன் நாடுகளுக்குள்தான் போகிறீர்கள் என்றாலும் ஜெர்மனிக்குள் திரும்பும் எல்லையில் நிறுத்திப் பார்ப்பது இப்போது சாதாரணம்.

பத்து நாள் ஏழாகச் சுருங்கினால் வெட்ட வேண்டியது கிழக்கும் கடற்கரையும். போஹின் மூன்று, கோபரிட் இரண்டு, போஸ்டோய்னா அருகே ஒன்று என்று தங்கி, லுப்லியானாவைத் திரும்பும் வழியில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.